தவறு தொழிலாளியுடையது என்றால் இழப்பீடு கிடையாதா?

தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் சிகிச்சையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "அவர் அவசரப்பட்டு மருந்தை அழுத்திவிட்டாராம்; அதனால் முதலாளி எதுவும் தர வேண்டியதில்லை என்கிறார்களே, உண்மையா?" என்றும் கேட்கின்றனர். (சிவகாசி வட்டாரத்தில் மருந்து என்றால் வெடிக்கலவை என்பதை வெளியூர் மருத்துவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள்.)

அது உண்மையன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், அதனை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும், பணியின்போது நேர்ந்த விபத்துக்கு உரிமையாளரின் குற்றத்தை நிறுவ வேண்டும் என்று கேட்பதில்லை. குடிபோதை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறுதல் போன்ற காரணங்களைக் காட்டி அவர் விலக்குக் கோரலாம். ஆனால், தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முற்றிலும் செயலிழந்தாலோ அந்த விலக்கு செல்லாது. மேலும், அவசரமும் கவனக்குறைவும் வேண்டுமென்றே மீறுதல் ஆகா.

தவறு போர்மேனுடையது என்றாலும் நிலை இதுவே. ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருப்பதும் தப்பிக்கும் வழியன்று. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் வெடித்த ஆலை அவ்வாறு பலரிடம் விடப்பட்டிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அபாயகரமான தொழில் நடத்துபவரின் பொறுப்பு முழுமையானது என்றும், நிறுவனம் பெரிதாயின் தொகையும் பெரிதாக வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டிலேயே எம்.சி. மேத்தா வழக்கில் கூறிவிட்டது.

உரிய தொகையைத் தக்க காரணமின்றித் தாமதித்தால், வட்டியுடன் அத்தொகையில் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் தண்டத்தை ஏற்காது. அதனை உரிமையாளரே தம் கையிலிருந்து செலுத்த வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் வழி வேறு: அவர்கள் இ.எஸ்.ஐ. கழகத்தையே அணுக வேண்டும்.

மருத்துவமனையில் நீங்கள் காக்க வேண்டியது விபத்துப் பதிவேட்டின் முதல் பதிவு. எந்த ஆலை, எந்த வேலை, எத்தனை மணி என்பவற்றை உள்ளபடியே கூறுங்கள். வீட்டில் அடுப்பு வெடித்ததாகச் சொல்லும்படி எவர் வற்புறுத்தினாலும் இணங்க வேண்டாம்; பின்னர் அதனைத் திருத்துவது மிகக் கடினம். தீக்காயத் தழும்பு மாதக்கணக்கில் சுருங்கி விரல்களை மடக்கிவிடும். ஆகவே சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிடும் முன், முழுத் தீர்வாக எந்தத் தாளிலும் கையொப்பம் இட வேண்டாம்.

மரணம் நேர்ந்திருந்தால், முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கும் பணம் சட்டப்படியான இழப்பீடாகக் கருதப்படாது. முன்பணமாக ஒரு சிறு தொகை மட்டுமே கழிக்கப்படும். இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். கோருவதற்குக் காலவரம்பு உண்டு. வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதோர் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.