வளரிளம் பருவத்தினரின் தலைமைக் கருத்தும் நாடகம் தரும் மொழிச் சான்றும்

1. முன்னுரை

பள்ளியில் தலைமை என்பதை மாணவர் எவ்வாறு உணர்ந்துள்ளனர் என்பதை அறிய வினாநிரலைப் பயன்படுத்துவது வழக்கம். 'நல்ல தலைவர் யார்?' என்று வினவினால், 'நேர்மையும் ஒழுக்கமும் உடையவர்' எனப் பாடநூல் நடையில் விடை வருவது இயல்பே. அவ்விடை மாணவர் கற்ற கருத்தைக் காட்டும். நடைமுறையில் அவர் கொண்டுள்ள கருத்தைக் காட்டுவது அரிது. அதனை நாடகத்தின்வழி அறியலாம் என்பதையும், அதற்குரிய சான்று பெரிதும் மொழி வடிவங்களில் அமைந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. நாடகம் ஆய்வுக் கருவியாதல்

இங்கிலாந்து நாட்டு நாடகக் கல்வியாளர் டாரதி ஹீத்கோட் (1926-2011), ஆசிரியரே ஒரு பாத்திரமேற்று மாணவருடன் நடிக்கும் முறையை வளர்த்தார். ஆசிரியர் உதவி நாடி வருபவராக நடிக்கும்போது, முடிவெடுக்கும் பொறுப்பு மாணவரிடம் சேர்கிறது. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931-2009) உருவாக்கிய மன்ற அரங்கில், தீர்வின்றி முடியும் காட்சி மீண்டும் நடிக்கப்படும். பார்வையாளர் குறுக்கிட்டு, பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று மாற்று வழியை நடித்துக் காட்டுவர். இந்தியாவில் தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்வி அரங்கிற்கெனத் தனிக் குழு ஒன்றைத் தோற்றுவித்தது.

எடுத்துக்காட்டாக, ஒரு சூழலைக் கருதலாம். வகுப்பிலிருந்த பந்து ஒன்று காணாமற் போகிறது. எடுத்தவர் பெயரைக் கூறுமாறு தலைமையாசிரியர் வகுப்புத் தலைவரைக் கேட்கிறார். பெயரைக் கூறுவதா, தோழரைக் காப்பதா? இதனை நடிக்கும் மாணவர் தலைமைக்கு வரையறை தருவதில்லை; தலைமையைச் செய்து காட்டுகின்றனர்.

3. மொழிச் சான்றுகள்

இக்காட்சியில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, தன்மைப் பன்மை. வகுப்புத் தலைவர் தோழரிடம், 'நாம் முடிவு செய்துவிட்டோம்' எனின் வகுப்பும் முடிவில் பங்குகொள்கிறது. 'நாங்கள் முடிவு செய்துவிட்டோம்' எனின் வகுப்பு வெளியே நிறுத்தப்படுகிறது. இரண்டாவது, ஏவல். 'சொல்லு', 'சொல்லுங்க', 'சொல்லிடலாமே' என்பன அதிகாரத்தின் வெவ்வேறு படிநிலைகள். மூன்றாவது, விளி. நேற்றுவரை 'டா' எனப்பட்டவர் பதவியேற்றதும் 'நீங்க' ஆகிறாரா என்பது, தலைமையை உறவாகக் கொள்கின்றனரா, பதவியாகக் கொள்கின்றனரா என்பதைப் புலப்படுத்தும். திண்ணைப் பள்ளியில் மாணவர் தலைவனைக் குறித்த 'சட்டாம்பிள்ளை' என்னும் சொல், இன்று அதிகாரம் செலுத்துபவரைப் பழிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. தலைமையைப் பற்றிய ஐயம் சொல்வரலாற்றிலேயே பதிந்துள்ளது எனலாம்.

எனினும், பாத்திரத்தின் பேச்சு முழுவதையும் மாணவரின் சொந்தக் கருத்தாகக் கொள்ளலாகாது. அது திரைப்படத்தையோ ஓர் ஆசிரியரையோ போலச் செய்ததாகவும் இருக்கலாம். எனவே பாத்திரங்களை மாற்றி நடிக்கச் செய்வதும், நடிப்பிற்குப்பின் கலந்துரையாடுவதும் இன்றியமையாதன.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்

பன்மொழிச் சூழலில் இத்தகைய உரையாடல்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெயர்க்கப்பட்ட பின்னரே பலரால் ஆராயப்படுகின்றன. தெலுங்கின் 'மனமு', 'மேமு', மராத்தியின் 'ஆபண்', 'ஆம்ஹீ' ஆகியன தமிழின் வேறுபாட்டைத் தாங்கவல்லன. இந்தியின் 'ஹம்' என்னும் சொல்லிலும், ஆங்கிலத்தின் 'வீ' என்னும் சொல்லிலும் 'நாமு'ம் 'நாங்களு'ம் ஒன்றாகிவிடுகின்றன. அப்பெயர்ப்பைப் படிக்கும் ஆய்வாளர், தோழரை விலக்கிய தலைவரையும் அணைத்துச் சென்ற தலைவரையும் ஒருவராகவே காண்பர். இந்தியோ 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று முன்னிலை வடிவங்களை உடையது. அங்கிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்க்கையில் மதிப்பு வேறுபாடும் மறைகிறது.

5. முடிவுரை

ஆதலின் நாடக உரையாடலைத் தொகுப்போர் மூலவடிவத்தைப் பேச்சுவழக்கிலேயே பதிவுசெய்து, பெயர்ப்பின் அருகே தன்மைப் பன்மை, ஏவல், விளி ஆகியவற்றிற்குக் குறிப்பிடல் வேண்டும். மாணவர் தம் தலைவரிடம் எதிர்பார்ப்பது ஆணையையா, துணையையா என்னும் வினாவிற்கு, சில வேளைகளில் ஒரு பதிலிடு பெயரே விடையாக அமைகிறது.