சொட்டும் நீர் கல்லாவது எப்படி?

ஆசிரியர்களும் தவறான விடை சொல்வதுண்டு. பொங்கல் விடுமுறை ஒன்றில் நானும் அப்படி ஒரு விடை சொன்னேன். அதுவும் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம்.

குடும்பத்தோடு போரா குகைகளைப் பார்க்கப் போயிருந்தோம். இவை ஆந்திர மாநிலத்தில், விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் அனந்தகிரிக் குன்றுகளில் உள்ளன. ரயிலிலேயே போகலாம். வழியில் வரும் சுரங்கப்பாதைகளை எண்ணுவதில் என் பிள்ளைகள் இருவருக்கும் பெரிய சண்டை. குகைக்கு மேலேதான் இருப்புப்பாதையே செல்கிறது. கீழே கோஸ்தனி ஆறு ஓடுகிறது.

வெளியே மலைக்குளிர். குகைக்குள் சிறிது தூரம் இறங்கியதும் என் மூக்குக் கண்ணாடி பனி படர்ந்து மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், ஆலமரத்து விழுதுகளைப் போலக் கூரையிலிருந்து கற்கள் தொங்குகின்றன! இவற்றுக்குக் கல்விழுது என்றே பெயர். அவற்றின் கீழே, தரையிலிருந்து மேல்நோக்கி வளர்ந்து நிற்பவை கல்முளைகள். இரண்டும் வளர்ந்து சந்தித்தால் தூணாகிவிடும். வழிகாட்டி எங்களுக்குத் தாயும் சேயும், காளான், ரிஷியின் தாடி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். ரிஷியின் தாடி எனக்குக் கடைசிவரை புலப்படவில்லை.

மகள் கேட்டாள்: “தண்ணீர் வற்றி, சுண்ணாம்பு மட்டும் தங்கி இப்படி ஆகிறதா அப்பா? உப்பளத்தில் உப்பு விளைகிற மாதிரி?”

“ஆமாம்” என்று சொல்லிவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து என் அம்மா, “இங்கே ஈரத்துணியைப் போட்டால் ஒரு வாரமானாலும் உலராதுபோல இருக்கே!” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா சொன்னது முற்றிலும் சரி. என் கண்ணாடி மங்கியதே அதற்குச் சாட்சி அல்லவா? குகையின் உட்பகுதியில் காற்று பெரும்பாலும் நீராவியால் நிறைந்தே இருக்கும். துணியே உலராத இடத்தில் துளி எப்படி வற்றும்? குகை வாயிலருகே ஆவியாதலுக்குச் சிறு பங்கு இருக்கலாம். உள்ளே நடப்பது வேறு.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். தூய நீரில் இது மிகமிகக் குறைவாகவே கரையும். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. வெளிக்காற்றில் இவ்வாயு ஏறத்தாழ 0.04 சதவீதம்தான். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கும் மண்ணின் இடுக்குகளிலோ அதைப்போல் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கும் இருக்கும். இவ்வாறு லேசான அமிலமாகிவிட்ட நீர், பாறையை கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொண்டு விரிசல்களின் வழியே இறங்குகிறது. குகை குடையப்பட்டதும் இந்த வினையால்தான்.

அந்த நீர் குகைக் கூரையில் துளியாகத் தொங்குகிறது. குகைக் காற்றில் கரியமில வாயு மண்ணில் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே, சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு பொங்கி வெளியேறுவதுபோல, துளியிலிருந்தும் வாயு வெளியேறுகிறது, ஓசையில்லாமல். வாயு போனால் பைகார்பனேட் நிலைக்காது. மீண்டும் கார்பனேட்டாகிப் படிகிறது. நீர் அப்படியே இருக்க, வாயு மட்டும் விலகுவதால் கல் பிறக்கிறது!

படிவது துளியின் விளிம்பில், ஒரு மெல்லிய வளையமாக. துளிமேல் துளி வர, வளையத்தின் கீழ் வளையம் சேர்ந்து உள்ளீடற்ற ஒரு குழல் இறங்குகிறது. அதன் குறுக்களவு சுமார் 5 மில்லிமீட்டர். ஏன் அந்த அளவு? பரப்பு இழுவிசையால் தொங்கக்கூடிய துளியின் பருமனே அதைத் தீர்மானிக்கிறது. பிறகு குழல் அடைபட்டால் நீர் வெளிப்புறமாக வழிந்து, விழுது பருக்கத் தொடங்கும். கீழே விழும் துளி தெறித்துச் சிதறுவதால் கல்முளை கூர்மையாக இல்லாமல் மொட்டையாகவே வளர்கிறது.

வளர்ச்சியின் வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நீளமுள்ள ஒரு முனையை ஒடித்து எடுத்துப் போகிறவர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். ஒடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொட்டாலே நம் கை எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொண்டு, புதுச் சுண்ணாம்பு படிவது கெடும். என் மகன் கையை நீட்டியபோது நான் அதட்டியதற்குக் காரணம் இதுதான்.

தொடாமல் இருந்தாலும் நாம் மூச்சு விடுகிறோமே! நாம் வெளிவிடும் காற்றில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம். வெளிக்காற்றைப்போல் நூறு மடங்கு. கூட்டம் அதிகமானால் குகைக் காற்றில் வாயு பெருகும்; துளியிலிருந்து வாயு வெளியேறுவது தடைப்படும்; மிஞ்சினால் படிந்த கல்லே கரையவும் கூடும். பிரான்ஸ் நாட்டின் லாஸ்கோ குகையில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டன. 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வந்தவர்களின் மூச்சும் உடற்சூடும், விளக்கொளியில் வளர்ந்த பச்சைப் பாசியும் ஓவியங்களைக் கெடுக்கவே, 1963-இல் மூடிவிட நேர்ந்தது. விளக்கைச் சுற்றிப் பாசி படர்வது இன்றும் பல காட்சிக் குகைகளில் தொல்லைதான்.

ஊர் திரும்பியதும் மகளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். “நிரூபியுங்கள்” என்றாள். கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். நீங்களும் பள்ளியில் ஆசிரியர் துணையோடு செய்து பார்க்கலாம். சோதனைக் குழாயில் சிறிது தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்து, காய்ச்சி வடித்த நீரை நிறையச் சேர்த்து, கண்ணாடிக் குழல்வழியே ஊதுங்கள். (உறிஞ்சிவிடாதீர்கள்!) முதலில் பால்போல் வெளுக்கும், அது கார்பனேட். இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாமல் சில நிமிடங்கள் ஊதிக்கொண்டே இருங்கள். வெண்மை மெல்லக் கலைந்து நீர் தெளியும். பாறை கரைந்து குகை உண்டான கதை அதுதான். இனி அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்குங்கள். வாயு வெளியேற, மீண்டும் வெண்மை தோன்றும்.

என் மகளுக்கு ஊதி ஊதிக் கன்னம் வலித்துவிட்டது. கடைசியில் குழாய் வெளுத்தபோது, “கல்விழுது!” என்று கத்தினாள்.