பூனைக்குத் தினமும் ஈரல் போடலாமா?

“பூனைக்குக் கொஞ்சம் ஈரல் போடுங்க அண்ணாச்சி!” நெல்லை கோழிக்கடைகளில் இப்படிக் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. விலை குறைவு, பூனையும் ஆசையாகத் தின்னும். ஆனால், அதுவே தினசரி சாப்பாடானால் சிக்கல்.

கேரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளப் பூனையின் உடலால் முடியாது. இறைச்சியிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். அதற்கு ஈரல் நல்லதுதான். அளவு மீறினால், மிச்ச வைட்டமின் வெளியேறாமல் உடம்பிலேயே சேரும். மாதக்கணக்கில் ஈரலே தின்ற பூனைக்குக் கழுத்தெலும்பில் கூடுதல் எலும்பு வளர்ந்து, கழுத்து இறுகிப்போகும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சிக்குப் பிடிப்பது ஓர் அறிகுறி. வளர்ந்த எலும்பு பெரும்பாலும் கரையாது.

அப்போ எவ்வளவு கொடுக்கலாம்? மொத்த உணவில் 5 சதவீதத்துக்குள். 4 கிலோ பூனைக்கு வாரத்துக்குச் சுமார் 50 கிராம் போதும்.

கோழி இதயத்தில் டாரின் சத்து அதிகம். இது குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகும் என்று 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். ஆறியதும் அந்தச் சாறையும் சேர்த்து ஊற்றுங்க. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு வேண்டாம்.

கழுத்தைத் திருப்பப் பூனை தயங்குதா? ஈரலை நிறுத்திவிட்டு, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டுப் போங்க.