இலை பெற்ற ஆராய்ச்சியும் மக்கள் பெறவேண்டிய ஆராய்ச்சியும்

மனிதன் தன்னைப் பற்றித் தானே அறிந்துகொள்ளும் முயற்சியே கலைத்துறை ஆராய்ச்சி எனப்படுவது. வரலாறு, மொழியியல், பொருளியல், சமூகவியல், மானிடவியல் ஆகிய யாவும் இம்முயற்சியின் கிளைகளாம். ஆயினும், எல்லா மக்களும் ஒரே காலத்தில் ஆராய்ச்சியாளரின் கண்ணிற் பட்டுவிடுவதில்லை. ஒரு நாட்டில் எது முதலில் ஆராயப்பட்டது, எது இறுதியில் ஆராயப்பட்டது என்பதே அந்நாட்டின் மதிப்பீடுகளை அளக்கும் கோலாகும். இதற்கு ஊவா மாகாணம் தக்கதோர் எடுத்துக்காட்டு.

1869ஆம் ஆண்டில், இன்றைய பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த மடுல்சீமையிற் கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் நிறத் தூள் படியக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் பூஞ்சணவியல் அறிஞர் அவ்வாண்டிலேயே நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்குப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர், 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வாட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கோப்பி அழிந்தது, அதன் இடத்தில் தேயிலை எழுந்தது. 1925இல் தேயிலைக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

அந்த இலையைப் பறித்த கைகளுக்கு உரியவரோ நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. ஆராய்ச்சியாளர் ஊவாவுக்கு வராமலில்லை. செலிக்மன் தம்பதியர் வேடரைத் தேடி இம்மாகாணத்தின் காடுகளுக்கு வந்து, 1911இற் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்தில் அருள்கொண்டாடும் பத்தர்களை ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர, 1981இல் 'மெடூசாவின் கூந்தல்' என்னும் நூலைத் தந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியபின், அங்கே சமூகவியலுக்கு அடிகோலிய பிறைஸ் றயன் 1953இல் எழுதிய சாதி பற்றிய நூல் சிங்கள மக்களின் அமைப்பையே பொருளாகக் கொண்டது. எட்மன்ட் லீச் 1961இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு வடமத்திய மாகாணத்துக் குளக்கரைக் கிராமம் ஒன்றைப் பற்றியது. கிராமமும் காடும் கோயிலும் ஆராய்ச்சிக்கு உரிய களங்களாயின. அவற்றிடையே கிடந்த தோட்ட லயங்கள் பொருளாதாரக் கணக்கில் மட்டும் இடம்பெற்றன.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்களுட் பல்கலைக்கழகத்துக்குப் புறத்தே நின்றோரும் உளர். 1947இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு 1983இல் நூலாயிற்று. தேயிலைத் தோட்டங்கள் மூன்றின் சாதியமைப்பை ஆராய்ந்த ஜயராமனின் நூல் 1975இல் வந்தது. கோப்பிக் காலத் தொழிலாளரின் துயரத்தை டொனவன் மோல்ட்ரிச் 1989இல் எழுதினார். வலன்டைன் டானியல் 1996இல் வெளியிட்ட நூல், மலையகத் தமிழரின் பேச்சையும் நினைவையும் வன்முறையின் வடுக்களையும் ஒருங்கே நோக்கியது. மித்ரி ஜெகதேசனின் நூல் 2019இல் தோட்டப் பெண்களின் உழைப்பையும் வாழ்வையும் ஆராய்ந்தது.

இவ்வாய்வுகளை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தோட்ட வாழ்க்கை எந்த ஒரு துறைக்கும் முழுமையாக அகப்படுவதன்று. 'பேர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தோட்டத்திற் 'பேர்' என்பது ஒருவரின் பெயரையும் குறிக்கும்; செக்ரோலிற் பதியப்படும் ஒரு நாள் வேலையையும் குறிக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்யாதவருக்கு 'அரைப்பேர்' விழும். பொருளியலாளர் இதில் நாட்கூலியைக் காண்பார். மொழியியலாளர் மனிதப் பெயரே உழைப்பின் அளவையாக மாறிய பொருள்மாற்றத்தைக் காண்பார். வரலாற்றாசிரியர் கங்காணி தன் ஆட்களை எண்ணிக் கணக்குக் கொடுத்த பழைய முறையை நினைவுகூர்வார். காலைப் பிரட்டுக்களத்திற் பேர் கூப்பிடும் வேளையில் நிற்பவரின் மனநிலையை அறிய விரும்புபவரோ நாட்டார் பாடலை நாடுவார். நால்வரும் ஒரே சொல்லையே ஆராய்கின்றனர். நால்வரும் கூடியபோதே அச்சொல்லின் உண்மை முழுதும் வெளிப்படும்.

இது வெறும் அறிவின்பத்துக்குரிய விடயமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்த ஒருவர் தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டியிருந்தது. லயத்திற் பிறந்து, பிறப்புப் பதிவின்றி வளர்ந்து, தேயிலைத் தூரின்கீழ் உடல் சாய்ந்த ஒருவரின் பிறப்பை எந்த ஏட்டைக்கொண்டு நிறுவுவது? வாழ்ந்த வாழ்க்கை இருந்தது. அதற்குரிய எழுத்து இருக்கவில்லை. 1964இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களின் எதிர்காலத்தை எண்களாகப் பிரித்தது. அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டு, எஞ்சிய 150,000 பேரின் நிலை பிற்கால முடிவுக்கு விடப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. எழுதப்படாத வரலாறு எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை இவ்வைம்பத்தைந்து ஆண்டுகள் காட்டுகின்றன.

பதுளையிலே 2005இல் ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கே தேயிலைத் தொழினுட்பத்துக்கெனப் பட்டநெறியும் உண்டு. அது வேண்டியதே. ஆனால், அப்பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திற் கலைப்பீடம் அதில் இடம்பெறவில்லை. இலைக்கு வாய்த்த முதன்மை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை என்பதை இஃது உணர்த்தும். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களாவது மக்கட்டொகையாற் கவனம் பெறுகின்றன. மொனராகலையின் றப்பர்த் தோட்டங்களில் வாழும் சிறுதொகைத் தமிழரோ மலையகம் என்றதும் நினைவுக்கு வராதவராய் ஒதுங்கிக் கிடக்கின்றனர். தேயிலையின் சொற்களால் எழுதப்பட்ட மலையக வரலாற்றில், விடியுமுன் பால்வெட்டச் செல்லும் அவர்தம் வாழ்க்கைக்குத் தனி அதிகாரம் ஒன்று வேண்டும்.

இதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. மாரியம்மன் கோயில் வரவு செலவுப் புத்தகம், பழைய திருவிழா அறிவித்தல், பெட்டியின் அடியிற் கிடக்கும் கடவுச்சீட்டு, காமன் கூத்தை ஆடுவித்த முதியவரின் நினைவு, பிரிந்து இந்தியா சென்ற உறவினர் எழுதிய கடிதம் ஆகிய அனைத்தும் ஆவணங்களே. கடிதம் கறையானுக்கு இரையாகும். நினைவு மனிதரோடு மறையும். ஆதலின், காலந்தாழ்த்த இயலாத பணி இது. தோட்டப் பாடசாலை ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவரும் இதனைத் தொடங்கலாம். சொல்பவரின் சம்மதத்தைப் பெறுதல், அவர் சொல்லையே மாற்றாது எழுதுதல், நாளையும் இடத்தையும் குறித்தல் என்னும் மூன்றும் கைக்கொள்ளப்பட்டால், அவ்வேடுகள் பிற்காலப் பல்கலைக்கழக ஆய்வுக்கு மூலங்களாகும்.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடமையுண்டு. மலையகத்தைப் பற்றிய பெருநூல்கள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. தம் பாட்டியின் ஒப்பாரியும் தாலாட்டும் எவ்வாறு ஆராயப்பட்டன என்பதை லயத்துப் பேரப்பிள்ளை வாசித்து அறிய வழியில்லை. மக்களிடமிருந்து பெற்றதை மக்கள் மொழியில் மீட்டளிக்கும்போதே ஆராய்ச்சி நிறைவுபெறும். மடுல்சீமையின் இலைக்கு அவ்வாண்டிலேயே பெயர் சூட்டிய உலகம், அவ்விலையைப் பறித்தவரைச் செக்ரோலில் ஒரு 'பேர்' ஆக மட்டுமே எழுதிவைத்தது. அவரை அவர்தம் பெயராலும் வரலாற்றாலும் அறியச் செய்வதே கலைத்துறை ஆராய்ச்சிக்கு ஊவா விடுக்கும் அழைப்பாகும்.