கணினி வலையத்தில் வழி சுழலாமை

கேரள அரசின் விரிபரப்புக் கணினி வலையம் திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று மையங்களை இணைக்கின்றது. வலையங்களில் செய்திகளை வழிநடத்தும் பொறி ரௌட்டர் எனப்படும். அண்டைப் பொறி கூறும் தொலைவுடன் ஒன்றைக் கூட்டித் தன் தொலைவை அறிவது அதன் முறைகளுள் ஒன்று.

எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரத்துக்கு அப்பாலுள்ள ஓர் அலுவலகத்தின் வழியைக் கொச்சி, திருவனந்தபுரத்திடமே அறிந்ததாகக் கொள்க. அலுவலக இணைப்பு அறுந்தபின் கொச்சி அப்பழைய வழியைத் திருப்பிக் கூறின், திருவனந்தபுரம் அதனை நம்பும். செய்தி இரண்டுக்குமிடையே சுழன்று அழியும்.

ஆகவே, ஒரு பொறியிடம் அறிந்த வழியை அதற்கே திருப்பிக் கூறலாகாது. மூன்று பொறிகள் வளையமாக இணைந்திருப்பின் இவ்விதி மட்டும் போதாது; பொய்வழி மூன்றாவதன் வாயிலாகத் திரும்பக்கூடும். ஆயினும் சுற்றுதோறும் அதன் தொலைவு வளரும். 1988-இல் வெளியான ரிப் விதிமுறையில், தொலைவு 16-ஐ எட்டியதும் அவ்வழி இல்லையென்று தள்ளப்படும். இக்காப்பின் விலை, 15 தாவல்களுக்கு மேற்பட்ட வலையத்துக்கு அம்முறை உதவாமையே.