நேந்திரங்காய் வறுவல்: இல்லத்தில் ஒரு துணைத் தொழில்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

வாழை பயிரிடுவோர்க்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று காற்று, மற்றொன்று சந்தை. பத்து மாதங்கள் பாடுபட்டு வளர்த்த குலை, ஒரே இரவின் சூறைக்காற்றில் மண்ணில் சாய்ந்துவிடும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது கன்னியாகுமரி மாவட்டத்து வாழைத் தோட்டங்கள் அடைந்த அழிவை அம்மாவட்டத்து அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுக்குத் தப்பிய குலைகளோ, ஒரே சமயத்தில் சந்தையில் குவிந்து விலை வீழ்ச்சிக்கு இரையாகின்றன. நெசவாளர் இல்லங்களிலும் இதற்கு ஒப்பான ஒரு துன்பம் உண்டு. மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாது; தறிக்குழியில் ஈரம் ஊறும்; வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும்.

இவ்விரு சாராருக்கும் சிறிதளவேனும் துணைபுரியக்கூடிய ஒரு கைத்தொழிலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நாஞ்சில் நாட்டில் ஏத்தன் என்றும் பிற இடங்களில் நேந்திரன் என்றும் வழங்கும் வாழைக்காயின் வறுவல், ஓணப் பண்டிகையின் இலையில் தவறாது இடம் பெறுவது. அதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலான இல்லங்களில் முன்னரே உள்ளன. ஆயினும் அது நன்றாக அமைவதும் அமையாததும் சில நுட்பங்களைப் பொறுத்தவை.

காயைத் தேர்ந்தெடுத்தல்

நன்கு முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காயே வறுவலுக்கு ஏற்றது. முற்றிய காயில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். அதுவே மொறுமொறுப்புக்கு ஆதாரம். காய் பழுக்கத் தொடங்கியதும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அத்தகைய காயை எண்ணெயில் இட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். ஆறிய பின் துவண்டுவிடும். பிஞ்சுக் காயிலோ நீர் மிகுதி, மாவு குறைவு. ஆகவே, காற்றில் விழுந்த குலைகள் அனைத்தையும் வறுவலாக்கிவிடலாம் என்று எண்ணுதல் தவறு. காய்கள் திரண்டு, விளிம்புகள் மழுங்கத் தொடங்கிய குலைகளை மட்டும் பிரித்தெடுத்து, எஞ்சியவற்றைக் கறிக்காய்க்கும் கால்நடைத் தீவனத்துக்கும் ஒதுக்க வேண்டும். மொந்தன் காயிலும் வறுவல் செய்யலாம். ஆனால் நேந்திரனின் மஞ்சள் நிறமும் சுவையும் அதற்கு வாய்ப்பதில்லை.

சீவுதலும் வறுத்தலும்

கைகளிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் சிறிது தடவிக்கொண்டால் வாழைக்கறை ஒட்டாது. காயின் இரு முனைகளையும் நறுக்கி, நீளவாட்டில் தோலைக் கீறி, அழுத்தமாக உரித்தெடுக்கவும். உரித்த காய்களை மஞ்சள்தூள் கலந்த நீரில் கால் மணி நேரம் இட்டு வைத்தால் கறை நீங்கும், காயும் கறுக்காது, நிறமும் ஏறும். இதற்கு மேல் எந்தச் செயற்கைச் சாயமும் வேண்டுவதில்லை. பின்னர்த் துணியால் ஈரத்தை முற்றிலும் ஒற்றியெடுக்க வேண்டும். ஈரக்காய் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் எண்ணெய் பொங்கித் தெறிக்கும்.

வில்லைகள் யாவும் ஒரே கனமாக இருத்தல் மிகவும் அவசியம். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், பொருத்தமாகும். கனம் மாறுபட்டால் மெல்லிய வில்லை தீயும்போது தடித்த வில்லை உள்ளே வேகாது நிற்கும். கத்தியைவிடச் சீவுகட்டை இதற்கு உகந்தது.

அடி கனத்த வாணலியில் பாதியளவே தேங்காய் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சவும். ஒரு வில்லையை இட்டதும் அது மூழ்கி, உடனே நுரையுடன் மேலெழுந்தால் எண்ணெய் பதமாகக் காய்ந்துள்ளது என்று கொள்ளலாம். புகை எழுமளவு காயவிடலாகாது. ஒரே சமயத்தில் அதிக வில்லைகளை இடுதல் பலரும் செய்யும் பிழை. அவ்வாறு இட்டால் எண்ணெயின் சூடு தணியும்; காய் எண்ணெயைக் குடிக்கும்; வறுவல் கனத்துப் பிசுபிசுக்கும். இட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டாதபடி நீண்ட கரண்டியால் மெல்லக் கிளறிவிட வேண்டும்.

எண்ணெயில் எழும் குமிழிகள் காயிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதன் அடையாளம். நீர் குறையக் குறையக் குமிழிகளும் அடங்கும். வில்லைகள் உரசும்போது காய்ந்த சருகு போன்ற கலகலவென்ற ஒலி எழும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட இவ்வொலியைக் கேட்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

குமிழிகள் பெரும்பாலும் அடங்கிய தறுவாயில், கெட்டியாகக் கரைத்து வைத்த உப்புநீரை ஒரு தேக்கரண்டி அளவே எண்ணெயில் தெளிக்க வேண்டும். எண்ணெய் படபடவென்று பொங்கும். ஆகவே முகத்தை அகற்றிக்கொள்வதும் குழந்தைகளை அடுப்பண்டை விடாதிருப்பதும் அவசியம். பொங்குதல் அடங்கிய பின்னரே வறுவலை அரித்தெடுக்கலாம். உப்பு இவ்விதம் எல்லா வில்லைகளிலும் சீராகப் படியும். மேலே தூவிய உப்போ டப்பாவின் அடியில் உதிர்ந்து கிடக்கும்.

பாதுகாத்தல்

வறுவல் நன்றாக ஆறிய பின்னரே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து நமுத்துப் போகும். காற்றும் வெளிச்சமும் படப்பட எண்ணெயில் காறல் வாடை ஏறும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கேடு விளைவிப்பதே. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவப் பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2018 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. கறுத்து, கெட்டியாகி, நுரைக்கும் எண்ணெயைச் சிக்கனம் என்று கருதி வைத்துக்கொள்ளுதல் தகாது.

தோலையும் எறிய வேண்டுவதில்லை. கறை போக நீரில் ஊறவிட்டுப் பொடியாக நறுக்கிப் பயறுடன் சேர்த்துத் துவரன் செய்வது தென் மாவட்டத்து இல்லங்களில் நெடுநாளைய வழக்கம்.

கணக்கு

இனி, நம் அங்கத்தினர்கள் தயவு செய்து கூர்ந்து படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். வீட்டுக்கு மட்டும் வறுப்போர்க்குக் கணக்கு வேண்டாம். விற்க நினைப்போர்க்குக் கணக்கே முதல் கருவி.

தோலும் நீரும் கழிந்தபின், மூன்றரை முதல் நான்கு கிலோ காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ வறுவல் கிடைக்கும். அந்த ஒரு கிலோவில் கால் கிலோவுக்குக் குறையாமல் எண்ணெய் தங்கியிருக்கும். உதாரணமாக, காய் கிலோ 40 ரூபாய், எண்ணெய் கிலோ 300 ரூபாய், வறுவல் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோ காய்க்கு 160 ரூபாய். கிலோவுக்கு 90 ரூபாய் இலாபம் என்று மகிழ்வோர் உண்டு. ஆனால் எண்ணெய்க்கு 75 ரூபாய் கழித்தால் எஞ்சுவது 15 ரூபாயே. விறகு, உப்பு, உறை ஆகியவற்றின் செலவை அதிலிருந்தே தர வேண்டும். அதன்பின் அடுப்பின் முன் நின்ற பெண்மணியின் கூலிக்கு என்ன மிஞ்சும்?

தணிக்கையின்போது நான் பார்வையிடும் சிறு தொழிற் கணக்குகள் பலவற்றில் 'வீட்டார் கூலி' என்ற தலைப்பே காணப்படுவதில்லை. காய் சொந்தத் தோட்டத்தது என்றால் அதற்கும் விலை எழுதுவதில்லை. அன்றையச் சந்தை விலையைக் காய்க்கும், உள்ளூர்க் கூலி விகிதத்தை உழைப்புக்கும் எழுதிய பின்னரும் மிஞ்சுவதே உண்மையான இலாபம். அவ்விதம் எழுதிப் பார்த்து மிஞ்சாவிடில், விற்பனை விலையை உயர்த்த வேண்டும். அல்லது காய் மலியும் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பெண்களின் உழைப்பை இலவசமாக்கி வாடிக்கைக்காரருக்கு வழங்குவது தொழிலாகாது.

கூட்டுறவின் பங்கு

தனி இல்லத்துக்குக் கடினமானவை பல, பத்து இல்லங்கள் சேர்ந்தால் எளிதாகும். எண்ணெயை மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். பயிரிடும் அங்கத்தினரிடமிருந்து முற்றிய காய்களைத் தரம் பிரித்து நேரடியாகப் பெறலாம். தறி ஓயும் நாள்களில் நெசவாளர் இல்லத்துப் பெண்மணிகள் கூலிக்கு வறுக்கலாம். தயாரித்த தேதியும் நிகர எடையும் உறையில் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ்ச் சிறு தயாரிப்பாளரும் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

தொடக்கத்திலேயே கடன் வாங்கிப் பெரிய அடுப்புகள் அமைக்க முற்பட வேண்டாம். முதலில் ஒரு குலையை வறுத்துப் பாருங்கள். காயையும் எண்ணெயையும் வறுவலையும் நிறுத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்கைந்து முறை எழுதிய அந்தக் குறிப்பேட்டை உங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள். ஆவணி மாதத்து ஓணச் சந்தைக்கு எத்தனை கிலோ தயாரிக்கலாம், எவ்விலைக்கு விற்கலாம் என்பதை அந்த எண்களே உங்களுக்குச் சொல்லிவிடும்.