அந்தக் குழந்தை எதைக் காண்கிறது?

குழந்தைகளை அமர்த்தித் தள்ளிச் செல்லும் வண்டியின் படமொன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது. அதன் கோடுகளுக்கிடையே ஒரு முக்கோணம் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்கிறார்கள். சற்றுத் திணறுவீர்கள். 'வண்டி, வண்டி' என்றே உங்கள் மனம் சொல்லிக்கொண்டிருக்கும். முக்கோணம் கண்ணுக்கு எளிதில் அகப்படாது.

இத்தகைய படங்களை 1983-ஆம் ஆண்டு அமிதா ஷா, ஊட்டா ஃப்ரித் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் இலண்டனில் ஆட்டிசம் உள்ள சிறுவர் சிறுமியரிடம் காட்டினர். அதே மனவளர்ச்சி நிலையிலிருந்த பிற பிள்ளைகளைவிட அவர்கள் அதிக உருவங்களைக் கண்டுபிடித்தனர். குறையுள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டோர் ஒரு காரியத்தில் மற்றவர்களை முந்திவிட்டனர்! எப்படி?

விடை 1993-இல் தெளிந்தது. வண்ணக் கட்டைகளை அடுக்கி, காட்டப்படும் மாதிரிக் கோலத்தை அமைக்க வேண்டும். இதிலும் ஆட்டிசம் உள்ளோர் திறமை காட்டினர். பின்னர் மாதிரியையே கட்டை கட்டையாகப் பிரித்து, இடைவெளி விட்டு வரைந்து காட்டினர். மற்றவர்களின் வேகம் பெரிதும் கூடியது. ஆட்டிசம் உள்ளோருக்கோ அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவர்களின் கண் முன்னரே கோலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டது. நாம் முழுமையை முதலில் காண்கிறோம். அவர்கள் பகுதிகளைக் காண்கிறார்கள். முழுமையைக் காணவே இயலாதவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. "மொத்தத்தைப் பார்" என்று சுட்டினால் பெரும்பாலும் பார்க்கிறார்கள். இது பார்வையின் சாய்வே என்று ஃப்ரித்தும் பிரான்செஸ்கா ஹாப்பேயும் 2006-இல் எழுதினர்.

செவியின் கதை இன்னும் வியப்புக்குரியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவராயிருந்த லியோ கானர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் இந்நிலையை விரிவாக வர்ணித்தார். மின்தூக்கி, தூசி உறிஞ்சும் இயந்திரம், முட்டை அடிக்கும் கருவி, ஏன், காற்றின் ஓசைகூட அவர்களைப் பெரும் பீதியில் ஆழ்த்துவதைக் கண்டார். ஆனால் அதே குழந்தை தானே அவ்வளவு பெரிய ஓசையை எழுப்பி மகிழ்கிறது! "தான் போடும் சத்தம் மட்டும் இனிக்கிறதோ?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். கானர் அப்படிக் கருதவில்லை. எதிர்பாராமல் வெளியிலிருந்து வந்து தாக்கும் ஓசையே அக்குழந்தையை அச்சுறுத்துகிறது என்றார். ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலை, ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல்தான் சேர்த்தது. 70 ஆண்டுகள்!

இடைப்பட்ட காலத்தில் பழி யார் மீது விழுந்தது தெரியுமா? தாயின் மீது. பெற்றோரின் பாசமின்மையே காரணம் என்னும் கருத்தை, 1967-இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் நாடெங்கும் பரப்பியது. (பிள்ளைக்காக உறக்கம் துறந்தவளுக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள்!) 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். உருவொத்த இரட்டையர் 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது; உருவொவ்வாத 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. வளர்ப்புதான் காரணமென்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஆனால் அந்தப் பழிச்சொல் இன்னும் நம்மிடையே உலவுகிறது. வலீமா விருந்தில் ஒலிபெருக்கி அலறும்போது காதுகளைப் பொத்திக்கொண்டு கதறும் பிள்ளையைக் கண்டு, "வளர்த்த இலட்சணம்" என்று முணுமுணுப்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அடுத்த முறை அத்தாயை அணுகி, மாடியில் அமைதியான அறை ஒன்று இருக்கிறதென்று சொல்லுங்கள். அவளும் அன்று நிம்மதியாக உணவருந்தட்டும்.